எம்மா, என்னா?

என் அண்ணியின் கணினிக்குத் திரை கிடையாது. மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ஒரு விசைப்பலகை, இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், அவ்வளவுதான். கண் தெரியாதவளுக்குத் திரை எதற்கு என்று அவளே கேட்பாள். பெட்டி அவளிடம் வரி வரியாகப் பேசும். மூக்கடைப்பு வந்த ஆள் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பேசுவதுபோல ஒரு குரல். எனக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவள் அதை இன்னும் வேகமாக ஓடவிட்டு, கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள்.

மருத்துவமனை ஒன்றுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிந்து வைப்பார்கள். அதை அண்ணி வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டி அனுப்புவாள். வாரக் கடைசியில் வந்தவை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு திங்களும் அவள் தவறியதில்லை.

அந்தப் பெட்டியில் ஓடுவது ஒரு லினக்ஸ். லினக்ஸிலும் பல வகை உண்டாம். பெரும்பாலானவை சமைத்துப் பரிமாறிய சாப்பாடு மாதிரி தயாராக வரும். அண்ணி வைத்திருப்பது அப்படியல்ல. அது மூல நிரலாக வரும். எது வேண்டும், எது வேண்டாம் என்று நாம் எழுதிக்கொடுத்தால், நம் பெட்டியே மணிக்கணக்கில் உட்கார்ந்து தனக்கானதைக் கம்பைல் செய்து கட்டிக்கொள்ளும். அண்ணி முதல் வேலையாக வேண்டாம் என்று எழுதியது ஜன்னல், படம், சுட்டி, வால்பேப்பர். "பாக்காத வீட்டுக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?" என்பாள்.

அதற்கு முன்னால் அவளிடம் தயாராக வந்த ஒன்றுதான் இருந்தது. ஒருநாள் அது தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, மறுநாள் ஊமையாகிவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "படமெல்லாம் நல்லாத்தானே தெரியுது, என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அது மறுபடி பேச ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவள் வேலையில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்று அண்ணன் சொல்வான். பத்தாம் நாள், இனி என் பெட்டிக்குள் நடப்பது எனக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்று முடிவு கட்டினாள். பார்வையற்றோர் நூலகத்தில் வேலை செய்த ஒரு தோழி இந்த லினக்ஸைப் பற்றிச் சொன்னாள். முதல் தடவை போட்டு முடிக்கப் பதினொரு நாள் பிடித்தது.

அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அன்றிலிருந்து மதர்போர்டு இரண்டு தடவை மாறியிருக்கிறது, தகவலைச் சேமிக்கும் வட்டு மூன்று தடவை. உள்ளே இருக்கும் அமைப்பு மட்டும் அதேதான். ஒரு தடவைகூடப் புதிதாகப் போட்டதில்லை. சனிக்கிழமைதோறும் புதுப்பிப்பாள். ஒரு நிரல் இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் முறுக்கிக்கொண்டு நின்றால், என்ன செய்து பிரித்தாள் என்று ஒரு கோப்பில் குறித்து வைப்பாள். பிரவுசர் கம்பைல் ஆகிற நாட்களில் பெட்டி ஒன்றரை நாள் உறுமும்; அறை கொதிக்கும். விசிறிச் சத்தத்தை வைத்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடமாக அந்தப் பெட்டியை புது மருமகள் நாத்தனாரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துவந்தான். "என்னைவிட அதுகிட்டதான் உங்க அண்ணி அதிகமா பேசறா" என்று என்னிடம் புகார் சொல்வான். "அது கேட்டதுக்குப் பதில் சொல்லுதே" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுப்பாள். உண்மையான நாத்தனாரான நான் ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்ததால் எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அன்று மாலை அவள் புதுக் கெர்னல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கெர்னல்தான் அந்த அமைப்புக்கு ஆணிவேர். வட்டு, விசைப்பலகை, ஒலி எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது அது. புதிது வரும்போது பழைய பதில் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தால் போதும், புதிதாகச் சேர்ந்த விஷயங்களை மட்டும் அது கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா? சும்மா என்டர் தட்டினால் பெரும்பாலும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும். அண்ணி வழக்கமாக ஒவ்வொரு கேள்வியையும் காது கொடுத்துக் கேட்டுத்தான் பதில் சொல்வாள். அன்று எழுபது கேள்விக்கு மேல். நடுவில் நான் போன் செய்தேன்.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து என் சமையலறைக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது, கேட்டால் அந்த மனிதர் என்னையே கூரையை மாற்றச் சொல்கிறார் என்று ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினேன். "ம்... நீ சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று அவள் சொல்லச் சொல்ல, பின்னால் டொக், டொக் என்று என்டர் விழுந்துகொண்டிருந்தது. என் காதில் விழுந்தது. அதன் பொருள் அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் பெட்டியை மறுபடி இயக்கினாள். ஒரு நிமிடத்துக்குள் குரல் வந்துவிட வேண்டும். வரவில்லை. அறுபது வரை எண்ணினாள். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். விசிறி ஓடுகிறது, வட்டு முனகுகிறது, பேச்சை மட்டும் காணோம். பழைய கெர்னலுக்குத் திரும்பலாம் என்றால் அதுவும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதற்கென்று சின்னதாக ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது என்று முந்தின இரவுதான் பழையவற்றையெல்லாம் அழித்திருந்தாள்.

"ஏங்க... கொஞ்சம் வாங்களேன்."

அவள் கூப்பிட்ட தொனியைக் கேட்டு அண்ணன் முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

"பேசமாட்டேங்குது."

"எது, உன் பெட்டியா? தூங்குதோ என்னவோ."

"விளையாடாதீங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள முப்பத்தியேழு பதிவு போகணும்."

பரணில் கிடந்த ஒரு பழைய மானிட்டரை அண்ணன் இறக்கித் தூசி தட்டிச் செருகினான். கறுப்புத் திரையில் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து வந்தது. கைபேசியால் படமெடுத்துப் படிக்க வைக்கலாம் என்று பார்த்தார்கள். அது எதையோ உளறியது. ஆக, அண்ணன்தான் படித்தாக வேண்டும். அவனுக்கு ஆங்கில எழுத்து தெரியும், சொற்கள் தெரியாது. லிஃப்ட் பலகையில் வரும் கோளாறுக் குறிகளுக்கு எழுத்தே போதுமானதாக இருந்தது.

அவள் தட்டினாள், அவன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். என், ஓ, எஸ், ஓ, யு... அவள் மனதில் கோத்துக்கொண்டாள். ஒலி அட்டை எதுவும் இல்லை என்கிறது பெட்டி.

"அட்டை போச்சா?"

"அட்டை இருக்கும். அதை ஓட்டுறதுக்கு ஒரு டிரைவர் வேணும். அது கெர்னல்ல சேர்ந்திருக்கான்னு பாக்கணும். இப்ப ஒரே ஒரு எழுத்து வரும். எம்னு வந்தா இருக்கு, தனித் துண்டா இருக்குன்னு அர்த்தம். என்னுன்னு வந்தா இல்லவே இல்லை. என்ன வந்திருக்கு?"

கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, "எம்" என்றான் அண்ணன்.

"எம்மா, என்னா?"

"எம்முதான்."

சரி, இருக்கிறது. அப்படியென்றால் அதை எழுப்பிப் பார்ப்போம் என்று கட்டளை கொடுத்தாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பெட்டி சொன்னது. ஒரு இடத்தில் உண்டு என்கிறது, இன்னொரு இடத்தில் கிடையாது என்கிறது. அண்ணிக்குத் தலை சுற்றியது. துண்டுகளையெல்லாம் மறுபடி நிறுவினாள். ஒலியைக் கூட்டும் குறைக்கும் நிரலைத் துருவினாள். பழைய குறிப்புக் கோப்பைத் திறந்து அவனை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னாள். நாலு வரி படிக்க இருபது நிமிடம். வட்டே சாகப்போகிறதோ என்று பயந்தாள். மணி ஒன்று ஆயிற்று. அண்ணன் முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது. இரண்டு பேரும் காலையிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் டீதான்.

"கடைசியா எதை மாத்தின?" என்று அண்ணன் கேட்டான். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நாங்க முதல்ல அதைத்தான் கேப்போம்."

"கெர்னலைத்தான்."

"அப்போ கோளாறு அங்கதான் இருக்கும். வேற எங்கயும் தேடாத."

"அதைத்தான் முதல்லயே பாத்தோமே. எம்முன்னு சொன்னீங்களே."

அண்ணன் இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டான். பேச்சு மாறிய விதம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. அவள் மேசையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். திரையைப் படிக்கிறவன் குரல் அவள் காதுக்குப் பக்கத்திலிருந்து வர வேண்டும். காலையிலிருந்தே அது முதுகுக்குப் பின்னாலிருந்து, கதவுப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"ஏன் அவ்வளவு தள்ளி நின்னு படிக்கிறீங்க?"

"சும்மாதான். உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு."

"கிட்ட வாங்க. இந்த எழுத்தை மறுபடி படிங்க."

வந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. அவன் மூச்சு அவள் தோளுக்கு மேலே கேட்டது.

"என்ன எழுத்து?"

"அது வந்து..."

"என்னங்க?"

"தெரியலை" என்றான் அண்ணன். "கிட்ட வந்தா கலங்குது. எம்மா, என்னான்னு எனக்கே தெரியலை. குத்துமதிப்பா சொன்னேன்."

பிறகு கீழே தரையில் உட்கார்ந்துவிட்டான். அஞ்சு மாதமாகவே இப்படித்தானாம். பலகையில் குறி தெரியாமல் இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பானாம். கூட வேலை செய்கிறவரிடம், "கை அழுக்கா இருக்கு, நீயே படிச்சுச் சொல்லு" என்று ஒப்பேற்றுவானாம். ஊசியில் நூல் கோக்க முடியாமல், பித்தான் அறுந்த இரண்டு சட்டைகளை அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தானாம்.

"ஏன் சொல்லலை?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்கு வந்ததுதான் எனக்கும் வருதோன்னு..."

அண்ணிக்கு விழித்திரைக் கோளாறு. பத்தொன்பது வயதில் தொடங்கி இருபத்தெட்டில் முழுக்கப் போய்விட்டது. அந்தக் கதை அவனுக்கு மனப்பாடம். ஆனால் அதில் எது முதலில் போயிற்று, எது கடைசியில் போயிற்று என்று அவன் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் அவள் மனம் நோகும் என்று இத்தனை வருடமும் விட்டுவிட்டான்.

"இருட்டுல நடக்கும்போது தடுமாறுதா?"

"இல்லை."

"பக்கவாட்டுல வர்ற ஆளு தெரியாம இடிக்கிறீங்களா?"

"இல்லையே."

"கதவுகிட்ட நின்னா இந்தத் திரை தெளிவா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு. எழுத்துதான் ரொம்பச் சின்னது."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உயிர் போற விஷயம் சொல்றேன், உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"எனக்கு முதல்ல போனது இருட்டும் பக்கவாட்டும்ங்க. கிட்டத்துல புத்தகத்தைக் கடைசி வரைக்கும் படிச்சேன். உங்களுக்கு எல்லாமே தலைகீழா இருக்கு. நாப்பத்தஞ்சு வயசாகப்போகுதில்ல? வெள்ளெழுத்துங்க! ஊர்ல எல்லாருக்கும் வர்ற வெள்ளெழுத்து!"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "நிஜமாவா?" என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். மறுபடி கேட்டான். மூன்றாவது தடவை கேட்கும்போது குரல் உடைந்திருந்தது. அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அஞ்சு மாதத்தையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டான் என்று பின்னால் எனக்குச் சொன்னாள். காய்ந்த சோப்பு அவள் தோள் முழுக்க ஒட்டியிருந்ததாம்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். என் வாய் வார்த்தையை நம்ப வேண்டாம்" என்றாள். பிறகு எழுந்து விசைப்பலகையில் ஒரு கட்டளை தட்டினாள். திரையில் எழுத்து ஒரேயடியாக இரண்டு மடங்கு பெரிதாயிற்று.

"அடிப்பாவி! இதை முதல்லயே செய்யறதுக்கென்ன?"

"எழுத்து சின்னதுன்னு நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? நான் என்ன அதைப் பாத்துக்கிட்டா இருக்கேன்?"

கதவோரம் நின்று படித்தான். "என். நல்லாத் தெரியுது. இது என்னுதான்."

ஆக, டிரைவர் இல்லவே இல்லை. புதுக் கெர்னலில் ஒலி டிரைவர்களைப் பிரித்துப் புதிய தலைப்புகளில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருக்கிறது. கேட்ட நேரத்தில் இவள் என் சமையலறைக் கூரைக்காக "ம்" கொட்டிக்கொண்டே என்டரைத் தட்டியிருக்கிறாள். அவன் ஒலி பற்றிய கேள்விகளை எழுத்தெழுத்தாகப் படிக்கப் படிக்க, இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் கொடுத்தாள். பிறகு கம்பைல் செய்ய விட்டாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

அது முடிய முக்கால் மணி நேரம். அண்ணன் போய் மீதி முகத்தைச் சவரம் செய்துகொண்டு, முட்டையும் ரொட்டியும் செய்து எடுத்துவந்தான். உறுமல் சத்தத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இது இப்ப என்ன பண்ணுது?" என்று பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டான். அவள் விளக்கினாள். அவன் புரிந்ததுபோல உம் கொட்டினான். விசிறியின் குரல் இறங்கியதும், "முடிஞ்சிடுச்சு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மறுபடி இயக்கினாள். முப்பது வரைக்கும்தான் எண்ணினாள். மூக்கடைத்த அந்தக் குரல், என்றும் போல, பயனர் பெயரைத் தரும்படி கேட்டது.

அண்ணி மேசையில் நெற்றியை வைத்து அப்படியே கிடந்தாள். அண்ணன் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "இதுதானா இத்தனை வருஷமா பேசறது? ஒரு வார்த்தைகூட விளங்கலையே" என்றான்.

சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எல்லாம் என்னாலதான் அண்ணி" என்றேன்.

"உன்னால என்ன? என்டர் தட்டினது நான். பழைய கெர்னலை அழிச்சதும் நான்."

"இவ்வளவு தொல்லைக்கு, ரெடிமேடா வர்றதையே போட்டுக்கக் கூடாதா?"

"அது ஊமையானா ஒன்பது நாள் யாராவது வருவாங்களான்னு உக்காந்திருக்கணும். இது ஊமையானா எங்க போய்த் தேடணும்னு எனக்குத் தெரியும். பாதி நாள்ல முடிஞ்சுபோச்சு பாரு" என்றாள். அதுவும் சரிதான் என்று தோன்றியது. பிறகு, "உன் கூரை என்னாச்சு?" என்று விசாரித்தாள். இந்தத் தடவை பின்னால் டொக் சத்தம் இல்லை.

ராத்திரி முழுக்க அண்ணனும் கூடவே விழித்திருக்க, தட்டித் தீர்த்து மறுநாள் ஒன்பதரைக்கே முப்பத்தியேழு பதிவையும் அனுப்பிவிட்டு, அண்ணனைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, விளக்கடித்து உள்ளே பார்த்தார் அந்த டாக்டரம்மா.

"பின்னாடி விழித்திரையெல்லாம் சுத்தமா இருக்கு. வெள்ளெழுத்துதான். கண்ணாடி போட்டா சரியாயிடும்."

"வேற ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"ஒண்ணும் இல்லை."

"நல்லாப் பாத்தீங்களா?"

"உங்க சம்சாரம் முன்னாடியே உங்களுக்கு வைத்தியம் பாத்துட்டாங்க போலிருக்கே. அவங்க சொன்னதையே நம்பியிருக்கலாம்" என்று, அண்ணியிடம் முன்பே விஷயத்தைக் கேட்டிருந்த டாக்டர் சிரித்தார்.

வெளியே உச்சி வெயில். மருந்து விட்ட கண்ணில் வெளிச்சம் ஊசியாக ஏறியது. அண்ணனால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை, நீர் கொட்டியது. அண்ணி தன் மடக்குக் கோலை விரித்து, "என் தோளைப் பிடிச்சுக்குங்க. இங்க மூணு படி இருக்கு" என்றாள். அவள் முன்னால் தட்டிக்கொண்டு போக, இவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். சாலையோரத்தில் ஒரு போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவிட்டு, "சார், மேடத்தைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றார். "அவங்கதான் சார் என்னைக் கூட்டிட்டுப் போறாங்க" என்றான் அண்ணன். சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போன பிறகும் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லையாம்.

இது எதுவும் தெரியாமல் நான் இங்கே கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க இரண்டு மணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டரைக்கு எடுக்கவில்லை. அண்ணி எண்ணிலும் பதில் இல்லை. ஏதோ கெட்ட செய்திதான், எனக்குச் சொல்லத்தான் தயங்குகிறார்கள் என்று மனம் என்னென்னவோ கற்பனை செய்தது. கிளம்பிப் போய்விடலாமா என்று ரயில் நேரம்கூடப் பார்த்துவிட்டேன். ஐந்து மணிக்கு அண்ணன் எடுத்தான். தொண்டை கரகரத்தது.

"என்ன பாப்பா, தூங்க விடமாட்டியா?"

"டாக்டர் என்ன சொன்னாங்க அண்ணா?"

"வெள்ளெழுத்தாம். வேற ஒண்ணும் இல்லையாம். அண்ணி இன்னும் தூங்கறா, எழுப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.